உட்கார்ந்து படிக்கிற நாடகம்

போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு இயங்கும் எங்கள் சிறிய நாடகக் குழு, வரும் மாசியில் தொடங்கி வைகாசி வரைக்கும் நாடகம் போடப்போவதில்லை. படிக்கப்போகிறது. நாலு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு டியூப் லைட், ஆளுக்கொரு கட்டுத் தாள். ஊருக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக நாடகத்தை வாசிப்பது. மாதம் ஒன்று. வேஷம் கிடையாது, திரை கிடையாது, மனப்பாடமும் கிடையாது.

இதைச் சொன்ன நாளில் இருந்து எதிர்ப்பு வருகிறது, அதுவும் நம்ம இயக்கத் தோழர்களிடமிருந்தே. 'உக்காந்து பேப்பரப் பாத்துப் படிக்கிறதுக்குப் பேரு நாடகமா, டியூசனா?' என்றார் ஒருவர். இன்னொருவர் கொஞ்சம் கோட்பாட்டோடு பேசினார். தலித் அரங்கு என்பது உடலின் அரங்கு, வாய்மொழியின் அரங்கு. எழுத்தும் பிரதியும் ஆதிக்கச் சாதிகளின் கருவிகள். பறையைக் கீழே வைத்துவிட்டுத் தாளைக் கையில் எடுப்பது பின்னடைவு. இதுதான் அவர் வாதம். முதல் தோழருக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடலாம். இரண்டாமவரின் வாதத்தை அப்படி விட்டுவிட முடியாது. அது அழகாக இருக்கிறது, அதனால்தான் ஆபத்தாகவும் இருக்கிறது.

பறை மீது எங்களுக்கு என்ன பகை? கே.ஏ.குணசேகரனும் அவருடைய 'தன்னானே' குழுவும் பறையையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகாவிட்டால் என்னைப் போன்ற ஆட்கள் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். ஆனால் இன்றைக்கு நிலைமை என்ன? கல்லூரி ஆண்டு விழாவாகட்டும், தொண்டு நிறுவனக் கருத்தரங்காகட்டும், நம் பிள்ளைகளைக் கூப்பிட்டு 'பறை அடிங்க தம்பி' என்கிறார்கள். அடிக்கிறோம். கூட்டம் ஆடுகிறது. அது முடிந்ததும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வேறு ஆட்கள் உட்கார்ந்து கட்டுரை வாசிக்கிறார்கள். 'நாங்களும் ஒரு நாடகம் எழுதியிருக்கோம், அரை மணி நேரம் வாசிக்கிறோம்' என்றால் நேரமில்லை. நமக்கு உடல், அவர்களுக்கு ஏடு. இது யார் போட்ட பிரிவினை? மனு போட்டதையே மாற்று அரங்கு என்று பெயர் மாற்றி நாமும் தலையாட்டுவதா?

மேடை நமக்குப் புதிதில்லை. நந்தனை எத்தனை தடவை மேடையில் ஏற்றினார்கள்! கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில் ஆரம்பித்து இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' வரைக்கும். எழுதியவர்கள் யார், பாடியவர்கள் யார், நெருப்பில் இறங்கினவன் யார் என்று பாருங்கள். நம் மாவட்டத்துக் கொடைகளில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறதே, அந்த இசை நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தவர் விஸ்வநாத தாஸ். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் போனது. அத்தனை பெரிய பாட்டுக்காரருக்கே அந்தக் கதி.

சரி, படிப்பதற்கு ஏன் வந்தோம்? கோட்பாட்டில் இருந்து வரவில்லை. ஜீப்பில் இருந்து வந்தோம்.

போடியிலும் தேவாரத்திலும் கம்பத்துப் பக்கமும் விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் நிற்கும். நம் தெருப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்கிறதோ அதைப்போல இரண்டு பங்கு. முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை என்று ஏலத் தோட்டங்கள். நாள் பூராவும் குனிந்த முதுகோடு தூருக்குத் தூர் உட்கார்ந்து காய் எடுத்து, பொழுது சாயும்போது அதே ஜீப்பில் இறக்கம். வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைக்க ஏழு மணி. இவர்களை வைத்து 40 நாள் ஒத்திகை பார்த்து ஒரு முழு நாடகம் போட முடியுமா? முடியாது. அதனால் என்ன ஆகிறது என்றால், ஒத்திகைக்கு நேரம் இருக்கிறவர்கள் மட்டும் நடிக்கிறார்கள். படித்துவிட்டு வேலை கிடைக்காத தம்பிகள், கல்லூரிப் பையன்கள். ஏலக்காட்டுப் பெண்ணைப் பற்றி இந்த வட்டாரத்தில் நான் பார்த்த வீதி நாடகங்களில் எல்லாம் ஏலக்காட்டுப் பெண்ணாக வந்தது தலையில் துண்டைக் கட்டிய ஒரு பையன்தான். அந்தப் பெண்கள் எதிரில் மண்ணில் உட்கார்ந்து தங்களையே வேடிக்கை பார்த்தார்கள்.

வாசிப்புக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போதும். மூன்றாவது ஞாயிறு நிகழ்ச்சி. தாள் கையில் இருக்கிறது, மறந்துபோகும் என்ற பயம் இல்லை. வேலை எல்லாம் காதுக்கும் குரலுக்கும்தான். தாளை நெஞ்சுக்குக் கீழே பிடிக்க வேண்டும், முகத்தை மறைக்கக் கூடாது. ஒரு வரியைக் கண்ணால் எடுத்து, தலையைத் தூக்கி, எதிராளியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'அவன் எழுந்து கதவருகே போகிறான்' என்று அடைப்புக்குள் இருப்பதையெல்லாம் வாசிக்க ஒருவர் தனியாக வேண்டும். கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலைதான் அது. எங்கள் குழுவில் அதற்குத்தான் அடிதடி, ஏனென்றால் இடையிடையே சொந்தமாக இரண்டு வார்த்தை சேர்த்துவிடலாம்.

எழுத்துத் தெரியாதவர்கள்? இந்தக் கேள்வி எல்லோரும் கேட்பது. குழுவில் மூன்று பேருக்கு எழுத்துத் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து வரியைச் சொல்லிக் கொடுப்பார்கள். மூன்று தடவை கேட்டால் அவர்களுக்குப் பாடமாகிவிடும், நமக்குத்தான் ஆகாது. அதில் ஒரு அக்கா, தன் பகுதியைத் தாள் இல்லாமலே பேசிவிடுவார். 'பெறகு ஒங்களுக்குத் தாள் எதுக்குக்கா, கைய வீசிப் பேசுங்க' என்று சொல்லிப் பார்த்தோம். 'அதெல்லாம் முடியாது. எல்லாரு கையிலயும் இருக்கும், என் கையில மட்டும் இருக்காதா? எனக்கும் ஒண்ணு குடு' என்றுவிட்டார். அவருக்கும் பதினெட்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்புகிறார். எழுத்து ஆதிக்கத்தின் கருவி என்கிற தோழர் ஒரு நாள் வந்து இந்த அக்காவிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

கூடி உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது மேல்நாட்டில் இருந்து வந்த பாஷன் ஒன்றும் இல்லை. பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை ராத்திரியில் ஒருவர் ராகம் போட்டு வாசிக்கத் தெருவே கேட்ட காலம் இருந்தது. அய்யாவழிக்காரர்கள் அகிலத்திரட்டை 17 நாள் ஏடு வாசிப்பாகவே விழா எடுக்கிறார்கள். தினத்தந்தி டீக்கடையில் எப்படிப் படிக்கப்பட்டது? ஒருவர் வாய், பத்துக் காது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளிகள் வரைக்கும் அந்த இதழ் போய்ச் சேர்ந்தது. பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு ஏறி வந்த சனம் அந்த ஏட்டையும் அதன் சங்கத்தையும் தூக்கிச் சுமந்தது. அந்த வழியில் வந்தவர்கள்தான் நாம். இன்னொரு பக்கம் பாருங்கள், நம் ஆட்கள் வேதம் மாறிய பிறகும், பல கோயில்களில் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசகம் வாசிக்க எத்தனை சண்டை போட வேண்டியிருந்தது. பாட்டுப் பாட விட்டவர்கள்கூட வாசிக்க விடவில்லை. வாசிப்பு வெறும் வாசிப்பாக இருந்தால் அத்தனை தடை எதற்கு?

இனி என்ன படிக்கப்போகிறோம் என்பது.

முதலில் குணசேகரனின் 'பலியாடுகள்'. 1990களின் தொடக்கத்தில் வந்தது. தமிழில் தலித் நாடகம் என்று பெயர் சொல்லி வந்தவற்றில் முதலில் வைக்கப்படுவது. ஊருக்கு நரபலி வேண்டும், சேரி ஆளைப் பிடிக்கிறார்கள், அவன் தப்பிப்பதற்காகத் தன் பெண்டாட்டியை முன்னால் தள்ளுகிறான். இதை முதல் மாதமே வாசிக்கக் கூடாது என்று நம் ஆண்களில் சிலர் சொன்னார்கள். ஊர்க்காரன் முன்னால் நம் வீட்டுச் சண்டையைப் போடுவதா என்பது அவர்கள் கேள்வி. குழுவில் இருக்கிற பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள்: முதல் மாதம் இதுதான், இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. எனக்கும் அதே கருத்து. மேட்டுத் தெருக்காரன் செய்கிற கொடுமையைப் பற்றி வாரம் ஒரு கூட்டம் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கூலிக் காசை டாஸ்மாக்கில் கொட்டிவிட்டு வந்து அடிக்கிறவனைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? பாமாவின் 'கருக்கு' 1992இல் நம் வாய்ப்பேச்சிலேயே வந்தபோதும், என்ன தமிழ் இது என்று முகம் சுளித்தவர்கள் வெளியில் மட்டும் இருக்கவில்லை.

இரண்டாவது மாதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு வாசிப்பு. பிரெக்டின் 'விதிவிலக்கும் விதியும்' ஒன்று. ஒரு வியாபாரி கூலியாளைச் சுமை தூக்கவைத்துப் பாலைவனத்தைக் கடக்கிறான். தண்ணீர் தீர்ந்துபோகிறது. கூலி தன்னிடம் இருந்த தண்ணீர்ப் புட்டியை அவனுக்குக் கொடுக்க வருகிறான். கல்லை ஓங்குகிறான் என்று நினைத்து வியாபாரி சுட்டுவிடுகிறான். வழக்கு நடக்கிறது. இவன் கொடுமைப்படுத்தியிருக்கிறான், ஆகவே கூலி இவனை வெறுக்கத்தான் செய்வான், ஆகவே இவன் பயந்தது நியாயம்தான் என்று சொல்லி நீதிபதி விடுதலை செய்கிறார். இந்த மாதிரி நாடகங்களைப் பார்க்கிறவர்களைவிட நடிக்கிறவர்கள் கற்றுக்கொள்வதற்காகத்தான் பிரெக்ட் எழுதினார். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எது? கூலியின் பகுதியை ஜீப் ஓட்டுகிற தம்பி படிக்கிறார். வியாபாரி யார் தெரியுமா, தாளைக் கேட்டு வாங்கிய அந்த அக்கா. கங்காணியின் குரல் அவர் தொண்டையில் அப்படியே இருக்கிறது.

அது முடிந்ததும் பத்து நிமிஷம் இடைவேளை, கட்டஞ்சாயா. அப்புறம் வெண்மணித் தீர்ப்பு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய வழக்கு. 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் இன்னும் சிலருக்கும் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நிலபுலன் உள்ள பணக்கார மிராசுதார்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. நாடகத்தில் கூலி வெறுத்திருக்க வேண்டும் என்பதால் முதலாளி விடுதலை. இங்கே பணக்காரர் நடந்து வந்திருக்க மாட்டார் என்பதால் விடுதலை. இதை நடித்துக் காட்ட முடியாது தோழர்களே. நடித்தால் யாராவது ஒரு மீசையை ஒட்டிக்கொண்டு வில்லனாகச் சிரிப்பார், சனமும் அது நாடகம் என்று சிரித்துவிடும். படித்தால்தான் அதன் குளிர் தெரியும். ஒருவர் ஏற்ற இறக்கம் இல்லாமல், ரேசன் கார்டில் பெயர் படிப்பது போல், பத்தி பத்தியாகப் படிப்பார். எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் செத்துப்போனவர்களின் பெயரையும் வயதையும் படித்துக்கொண்டே வருவார். வேறு ஒன்றும் செய்யப்போவதில்லை.

மூன்றாவதாக ஜோதிராவ் புலே 1855இல் எழுதிய 'திருதீய ரத்தினம்'. தட்சிணைப் பரிசுக் குழுவுக்குக் கொடுத்தார், அவர்கள் தள்ளிவிட்டார்கள். அவர் காலத்தில் அச்சேறவும் இல்லை. ஜோசியம் சொல்லிப் பறிக்கிற பார்ப்பானிடம் ஏமாந்த ஒரு குடியானவத் தம்பதி கடைசியில் ராப்பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. தோழர் ஒருவர் ஆங்கிலத்தில் இருந்து நம் வட்டாரப் பேச்சில் எழுதித் தருகிறார். மராட்டியக் குடியானவன் போடித் தமிழ் பேசுவான், புலே கோவித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

இதை மலைக்கு மேலே கொண்டுபோகவும் யோசனை. லயங்களில் தங்கி வேலை செய்கிறவர்கள் கீழே இறங்கி வந்து பார்க்க முடியாது, நாம்தான் ஏற வேண்டும். அங்கே படிக்க நாடகம் ஏதும் வேண்டாம், அவர்கள் சொன்னதே போதும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களை மிரட்டி விரட்டினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்தே இறங்கினார்கள். இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள், தண்ணீருக்காக. இறங்கி வந்த பெண்களிடம் என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? மலைமேல் தோட்டம் வைத்திருப்பவர்களில் மலையாளிகளும் உண்டு, நம் ஊர்க் கனவான்களும் உண்டு. கூலி கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரே மொழிதான். அந்தப் பெண்கள் சொன்னதை எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டி, திருத்தி வைத்திருக்கிறோம்.

கடைசி மாதம்தான் சிக்கல். இந்த ஊரில் 1989 என்று சொன்னால் எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். போடியிலும் சுற்று ஊர்களிலும் நடந்த சாதிக் கலவரம். அன்றைக்கு இருபது வயதில் ஓடியவர்களுக்கு இன்று அறுபதைத் தொடுகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் சொல்ல ஆள் இருக்காது. நம் பிள்ளைகளுக்கு அது 'அந்தத் தெரு வழியாப் போகாதே' என்ற ஒற்றை வரியாக மட்டும் தெரியும். பழைய பத்திரிகைச் செய்திகள், நேரில் பட்டவர்களின் பேச்சு, இரண்டையும் சேர்த்து ஒரு வாசிப்பு தயாரிக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். ஆறினதைக் கிளறாதே என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, ஆறிவிட்டதா என்று அவர்கள் யாரையும் கேட்டதில்லை. ஆனால் குழுவில் ஒரு பெரியம்மா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. 'நீ படிச்சிட்டு மதுரைக்கு ரயிலேறிப் போயிருவ. நாங்கல்ல இங்க இருக்கணும்.' உண்மைதான். 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்ததில் இருந்து, ஞாயிறு வந்து போவது எனக்குச் சுலபம். அதனால் இப்படி முடிவாகியிருக்கிறது: முதலில் வெளி ஆள் யாரும் இல்லாமல், நான் உள்பட இல்லாமல், அங்கே குடியிருக்கிறவர்கள் மட்டும் தங்களுக்குள் படித்துக்கொள்வது. பெயர்களை எல்லாம் எடுத்துவிடுவது. வெளியே படிப்பதா வேண்டாமா என்று அவர்கள் சொல்வார்கள். வேண்டாம் என்றால் அந்த மாதம் 'பலியாடுகள்' இன்னொரு தெருவில்.

போலீஸ் அனுமதி பற்றியும் கேட்கிறார்கள். 1876இல் வெள்ளைக்காரன் நாடகத்துக்குச் சட்டம் போட்டான். 1954இல் எம்.ஆர்.ராதாவை அடக்குவதற்கென்றே நம்மவர்கள் ஒன்று போட்டார்கள், நாடகப் பிரதியை முன்கூட்டியே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. தீர்ப்பு இன்னும் எல்லா ஸ்டேஷனுக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஒரு ஊரில் அதிகாரி கேட்டார், 'நாடகமா, கூட்டமா?' 'படிக்கிறோம் சார்.' 'படிக்கிறதுக்கு மைக் எதுக்கு?' நியாயமான கேள்வி என்று மைக்கை விட்டுவிட்டோம். இப்போது இன்னும் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆனால் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவது வேறு, பிரதியைக் காட்டுவது வேறு. பிரதியைக் காட்டாதீர்கள். தீர்ப்பின் நகலை ஒவ்வொரு குழுவும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு மார்கழி சீசன். போடியில் சீசன் என்றால் காய் எடுப்பு, தை வரைக்கும் மூச்சு விட முடியாது. மாசிக்கு மேல் எடுப்பு குறையும், களையெடுப்பும் மருந்தடிப்புமாக வேலை போகும், கூலியும் குறையும். அதனால் டிக்கெட் கிடையாது. வாசிக்கிறவர்களுக்குக் காசு கொடுக்கவும் எங்களிடம் இல்லை, சாப்பாடு உண்டு. ஏலக்காய்க்கு விலை சொல்லக் கணினி போட்ட ஏல மையம் இருக்கிற ஊரில் நமக்கு ஒரு கூடம் இல்லை. சமுதாயக் கூடம் கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டறை நடத்த வராதீர்கள். குரல் பயிற்சி, மூச்சுப் பயிற்சி எல்லாம் மலையேறி இறங்குகிறவர்களுக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வரியைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். பொடி எழுத்துப் பிரதிகளைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து தர வேண்டும், நாற்பது தாண்டிய கண்களுக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் தெரிகிற அளவுக்கு. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம், எட்டுக்குள் முடித்துவிடுவோம். மறுநாள் விடிகாலை ஜீப் நிற்கும்.